எதிர்க்கரைக்கு ஓர் ஆள்

கூரியரில் வந்து சேரக்கூடிய ஒரு புடவையை நேரில் வாங்கிவரும்படி என் மகள் மதுரா என்னைச் சிங்கப்பூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு அனுப்பினாள். பேத்தியின் திருமணப் புடவை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டுத் தறியில் இருந்தது. எழுபத்திரண்டு வயதில் ஒரு புடவைக்காகக் கடல் தாண்டுவது அறிவுக்குப் பொருந்தவில்லை என்று சொன்னேன். மதுரா மறுக்கவில்லை. பொருந்தாதுதான், போய்விட்டு வாருங்கள் என்றாள்.

உண்மையான காரணம் இருவருக்கும் தெரியும். என் மனைவி வசந்தா இறந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதன் பிறகு மாலை ஏழு மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, தயிர்ச்சோறு உண்டு, விளக்கை அணைத்துப் படுத்துவிடுவது என் வழக்கமாயிற்று. அதற்கு முந்தைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் நாங்கள் வாழ்ந்தது நேர் எதிரான வாழ்க்கை. எந்த ஊருக்குப் போனாலும் இரவு எட்டு மணிக்கு மேல் தெருவில் இறங்கிவிடுவோம். விளக்குப் போட்ட பிறகுதான் ஊர் முகம் கழுவிக்கொண்டு வரும் என்பாள் வசந்தா. உள்ளூரில் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவு எங்கள் பேட்டை உணவங்காடி நிலையம்; பல கடைகளுக்கும் பொதுவான மேசைகள். அவள் வழியில் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றுவிடுவாள். நான் முன்னால் போய் மேசை பிடித்து, எதிர் இருக்கையில் ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பேன். இடம் பிடித்ததற்குச் சிங்கப்பூரில் அதற்கு மேல் அத்தாட்சி தேவையில்லை. யாராவது கேட்டால் “வருவாங்க” என்பேன்.

மதுராவின் நிபந்தனை தெளிவானது. காஞ்சிபுரத்தில் மூன்று இரவுகள் இருக்கப் போகிறேன். அவற்றில் ஓர் இரவாவது எட்டு மணிக்கு மேல் வெளியே ஒரு கடையில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட வேண்டும். சாப்பிட்டது நன்றாக இருந்தது என்று நானே அவளிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அடுக்குமாடி வீட்டைக் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். எனக்கான அறைக்கு அவள் ஏற்கெனவே வண்ணம் அடித்து வைத்திருந்தாள். இளநீல நிறம்.

நான் ஒப்புக்கொண்டேன். பல்கலைக்கழகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்தவன். சாப்பாட்டு மேசையில்கூட மற்றவர்களின் ஒற்றுப்பிழையைத் திருத்துகிறவன் என்று என்மேல் வீட்டில் புகார் உண்டு. அப்படிப்பட்டவன் பொய் சொல்ல மாட்டான் என்பது அவள் கணக்கு. வீட்டைக் கொடுக்கக் கூடாது என்பது என் தீர்மானம்.

*

முதல் நாள் காலை நெசவாளர் வீட்டுக்குப் போனேன். ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தறிக்குழியில் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார். தறியின் மறு ஓரத்தில் ஒரு குட்டை முக்காலியில் அவர் மனைவி கற்பகம். புடவை முடிந்திருக்க வேண்டிய நாள் அது. கற்பகத்துக்கு நான்கு நாள் காய்ச்சல் வந்துவிட்டதால் இன்னும் இரண்டரை முழம் பாக்கி என்று ஏகாம்பரம் தெரிவித்தார். காய்ச்சல் அவருக்கு வரவில்லையே என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை.

அன்று இரவு எட்டேகால் மணிக்கு, நான் தங்கியிருந்த சின்ன காஞ்சிபுரத்து விடுதிக்குப் பக்கத்தில் ஒரு சைவ உணவகத்துக்குள் நுழைந்தேன். கோயிலிலிருந்து வந்தவர்களும் பட்டுக்கடைப் பைகளோடு வந்தவர்களுமாகக் கூடம் நிறைந்திருந்தது. இருவர் அமரும் மேசை ஒன்று கிடைத்தது. மிளகும் சுக்கும் சீரகமும் சேர்ந்த காஞ்சிபுரம் இட்லி இரண்டு சொன்னேன். எதிரில் நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு என்னைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். விமானத்திலேயே அதை ஒத்திகை பார்த்திருந்தேன்.

முதல் இட்லி முடிகிற நேரத்தில் ஒன்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அதில் ஒருவர் என் எதிர் நாற்காலியின் முதுகில் கைவைத்து, இங்கே ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

காலி நாற்காலிக்கு நான் தயாராக இருந்தேன். நாற்காலியே இல்லாத இடத்துக்கு இல்லை. இரண்டாம் இட்லியை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினேன்.

இட்லி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மதுராவின் கேள்வி இட்லியைப் பற்றியது அன்று. நான் சாப்பிட்டது நன்றாக இருந்ததா என்பதே அவள் கேள்வி. இரண்டு வாக்கியங்களுக்கும் எழுவாய் வேறு.

*

இரண்டாம் நாள் தோல்விக்குப் போக்குவரத்தும் என் தொழிலும் சம பங்குதாரர்கள்.

பகலில் கோயில்களுக்குப் போனேன். அவற்றைப் பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாலையில் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து விடுதிக்குத் திரும்பி, அதே சைவ உணவகத்தில், இம்முறை சுவரோரமாக, ஒற்றை ஆள் மேசையில் உட்காருவது என்று திட்டம். ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறினேன். மூன்று பேருக்கான பின்னிருக்கையில் ஐந்தாவது ஆளாக நான். என் மடியின் ஒரு பகுதி இன்னொருவருடைய அரிசி மூட்டைக்கு ஒதுக்கப்பட்டது. சிங்கப்பூர் ரயிலில் அடுத்த நிறுத்தத்தை ஒலிபெருக்கியில் சொல்வார்கள். இங்கே இறங்கும் இடத்தை அவரவர் முழங்கால் அறிந்திருக்க வேண்டும்.

என் பக்கத்தில் இரண்டு பெண்கள். ஒருத்தி தன் வீட்டு அண்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

“வளைகாப்புக்குன்னு குடுத்தேன்டி. திரும்பி வந்துச்சு. பாத்தா வேற அண்டா. நம்பளுது அடில ஒட்டுப் போட்டது. இது கனமா, சும்மா தங்கமாட்டம் இருக்குது.”

“நல்லதா வந்துருக்குதில்ல? வாய மூடிக்கினு வெச்சிக்க.”

“பேரு வெட்டிருக்குதேடி.”

“புளி போட்டுத் தேய்.”

வெட்டிய பேர் புளிக்குப் போகாது என்று முதலாமவள் சொன்னாள். அப்படியானால் பேர் இருக்கும் பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வை என்றாள் மற்றவள். ‘இருக்குது’, ‘மூடிக்கினு’ போன்ற வடதமிழ் வடிவங்களை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அவை இப்படி ஓர் அண்டாவைச் சுற்றி உயிரோடு ஓடுவதைக் கேட்டுக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டேன். வண்டி நின்றது. இரண்டு பெண்களும் பேசியபடியே இறங்கினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“எங்க சார் எறங்கணும்?”

“சின்ன காஞ்சிபுரம்.”

“அது போயி எவ்ளோ நேரம் ஆவுது. இது ஐயம்பேட்ட. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? வூட்ல தனியா உட்டாங்களா உங்கள?”

அவர் பெயர் நாகராஜு. நாற்பது வயதுக்காரர், காதில் செருகிய பேனா, சட்டைப் பையில் இன்னொரு பேனா. எதற்கு இரண்டு என்று கடைசிவரை தெரியவில்லை. திரும்பும் வண்டி நிறையாமல் புறப்படாது என்பதால் ஐயம்பேட்டைச் சாலையோரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியில் நாகராஜு என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். இல்லை என்றதும், பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பாய் கடையைச் சொன்னார். கடைசி நடை முடிந்ததும் தான் கையை நனைப்பது அங்கேதான் என்றார். கூட்டமா என்று கேட்டேன்.

“சத்தம் சார். நீங்க தூங்க முடியாது.”

நான் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை.

விடுதிக்கு வந்தபோது சைவ உணவகத்தின் கதவு பாதி இறங்கியிருந்தது. அறையில் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். மதுரா குறுஞ்செய்தியில் ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பியிருந்தாள். ‘நாளை’ என்று பதில் அனுப்பினேன். இளநீலச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது.

*

மூன்றாம் நாள் காலை முழுவதும் தறியருகில் இருந்தேன். செய்ய வேறு வேலை இல்லை. எப்படியும் இரவு வந்தே தீரும்.

பேத்தியின் புடவைக்கு உடல் அரக்கு, கரை பச்சை. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஒன்றையே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வீசினால் கரையும் உடலும் நிறம் கலந்துவிடும். ஆகவே உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. இந்தப் பக்கத்துக் கரை ஏகாம்பரத்தின் கைக்கு எட்டும். மறுபக்கத்துக் கரை எட்டாது. அதற்குத்தான் கற்பகம். அவர் உடலின் இழையை அனுப்ப, அவள் தன் பச்சை இழையை அதில் கோர்த்துத் திருப்பி அனுப்புவாள். இதற்குக் கோர்வை என்று பேர். வசந்தா கடைகளில் கோர்வைப் புடவையா என்று கேட்டு வாங்குவாள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

கற்பகம் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். தறி நின்றது. ஏகாம்பரம் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“எதிர்க்கரைக்கு ஆளு இல்லன்னா ஒண்ணும் ஓடாது சார். அவ ஊருக்குப் போனா எங்க மச்சான் வந்து உக்காருவான். யாராவது ஒருத்தர் வேணும், அவ்ளோதான். கை யாருதுன்னு பொடவைக்குத் தெரியாது.”

உள்ளேயிருந்து கற்பகத்தின் குரல் வந்தது. “பொடவைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் போட்ட எடம் தளர்ந்துக்கினு இருக்கும்.”

“கல்யாணத்துல யாரு தொட்டுப் பாக்கப் போறாங்க?”

“நான் பாப்பேன்.”

இருவர் சொல்வதும் சரி என்றே எனக்குப் பட்டது. குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலைக்குள் நெசவு முடிந்துவிடும் என்றும் காலையில் அறுத்துத் தருவதாகவும் ஏகாம்பரம் சொன்னார். இரவு எங்கே சாப்பாடு என்று கேட்டார். பாய் கடை என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

“கோர்வை கேளுங்க சார்.”

அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. அவரும் விளக்கவில்லை. அந்தக் கடைக்கு ஒருவன் தனியாகப் போவான் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

*

எட்டரை மணி. பட்டுக்கடைகள் நிறைந்த வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை, தேவையும் இல்லை. கொத்துபரோட்டாக் கல்லின்மேல் இரண்டு தகடுகள் மோதும் சத்தம் சந்தின் முனையிலேயே வந்து ஆளை அழைத்துப் போயிற்று.

உள்ளே பதினான்கு மேசைகள். எல்லா மேசைகளிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். தறியிலிருந்து நேரே வந்தவர்கள், சாயப்பட்டறையில் முழங்கைவரை நீலம் ஏறியவர்கள், வியாபாரிகள், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். நெற்றியில் விபூதி இருந்தவர்களும் தலையில் தொப்பி இருந்தவர்களும் ஒரே தண்ணீர்க் கூஜாவுக்குக் கை நீட்டினார்கள். உரிமையாளர் சலீம் பாய்க்கு அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் கோடுபோட்ட துண்டு. பரிமாறுவது, ஆணையை அடுப்பு நோக்கிக் கூவுவது, வந்தவர்களை வம்புக்கு இழுப்பது எல்லாம் அவரே.

முதலில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. “நாலுக்குக் கரை பத்தலியாம்” என்று கூவினார். நான்காம் மேசைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு போயிற்று. “ஏழு, முந்தி கேக்குறாரு.” ஏழாம் மேசைக்கு பிரெட் அல்வா போயிற்று. மெல்லப் புரிந்தது. பிரியாணி உடல், தொட்டுக்கொள்வது கரை, கடைசியில் வரும் இனிப்பு முந்தி. நெசவாளர்களுக்குச் சோறு போட்டுப் போட்டு அந்தக் கடையின் பேச்சே புடவையாகிவிட்டிருந்தது. ஒருவன் சட்டியில் நெய் குறைவு என்பதை ‘ஜரிகை இல்லை பாய்’ என்று குறை சொன்னான். “நீ குடுக்குற வெலைக்கு ஜரிகை வேற வேணுமா?” என்று பதில் கிடைத்தது.

குறிப்பேட்டை எடுக்கக் கை போயிற்று. எடுக்கவில்லை. சாப்பிட வந்திருந்தேன்.

இருவர் அமரும் மேசை ஒன்றில் உட்கார்ந்தேன். சலீம் பாய் வந்து நின்றார்.

“ஒரு கோர்வை” என்றேன், சரியாக உச்சரித்து.

அவர் என் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தார். “ஆளு வராங்களா சார்?”

“வருவாங்க” என்றேன்.

யோசித்துச் சொன்னதன்று. நாற்பத்தெட்டு ஆண்டுகள் அந்தக் கேள்விக்கு என் வாய் அந்த ஒரு விடையைத்தான் சொல்லியிருக்கிறது. தமிழில் வினைமுற்றுக்கு எழுவாய் வெளிப்பட வேண்டியதில்லை. யார் வருவார் என்று சொல்லாமலே ‘வருவாங்க’ என்று முடித்துவிடலாம். இதை நம் மொழியின் சிக்கனம் என்று எத்தனையோ மாணவர்களிடம் புகழ்ந்திருக்கிறேன். அன்று அந்தச் சிக்கனத்துக்குள் ஒளிந்துகொண்டேன்.

கோர்வை வந்தது. மேசையின் அகலத்துக்கு ஒரு பெரிய வட்டத் தட்டு. நடுவில் சீரகச் சம்பா பிரியாணி, என் பக்க ஓரத்தில் கத்தரிக்காயும் தால்ச்சாவும், மறு பக்க ஓரத்தில் அதே கத்தரிக்காயும் தால்ச்சாவும். இருவருக்கான தட்டு. சுற்றிப் பார்த்தேன். கோர்வை வாங்கியிருந்த எல்லா மேசைகளிலும் எதிரெதிரே இருவர். தட்டு முன்னாலேயே வந்துவிட்டாலும், இரண்டாவது ஆள் உட்காரும்வரை முதல் ஆள் கை வைக்கவில்லை.

நானும் கை வைக்கவில்லை. பிரியாணியிலிருந்து ஆவி எழுந்தது. ஐந்து நிமிடம் ஆனதும் ஆவி குறைந்தது. எழுந்து போய்விடலாம், வழி திறந்துதான் இருந்தது. வெளியே ஆட்டோ கிடைக்கும், விடுதியில் வாழைப்பழம் கிடைக்கும், சிங்கப்பூரில் இளநீல அறை கிடைக்கும். நான் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சலீம் பாய் திரும்ப வந்தார். “இன்னும் வரலியே சார். சூடு போவுது. வூட்ல கோச்சிக்கினாங்களா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரிந்ததுதான். மருத்துவமனைப் படிவத்தில் எழுதியிருக்கிறேன், வங்கியில் எழுதியிருக்கிறேன். வாயால் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய எல்லாரிடமும் மதுராதான் சொல்லியிருந்தாள்.

“வரமாட்டாங்க. நான் தப்பா சொல்லிட்டேன். என் மனைவி இறந்து பதினாலு மாசம் ஆகுது.”

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். சலீம் பாய் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்து, அதற்குச் சொல்ல வேண்டிய நன்றியையும் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைச் செய்யவில்லை. கூடத்தின் பக்கம் திரும்பி, கொத்துபரோட்டாக் கல்லையும் மீறிக் கூவினார்.

“எதிர்க்கரைக்கு ஒரு ஆளு வேணும்பா.”

கை கழுவும் தொட்டிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “நான் வரேன் பாய்.” ஈரக் கையை உதறிக்கொண்டு, காதில் பேனாவோடு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். “அட, நம்ம ஐயம்பேட்ட சாரு. இங்கயாவது கரெக்டா எறங்கிட்டீங்களே.”

நாகராஜு உட்கார்ந்தார். ஆரம்பிங்க என்று கண்ணால் காட்டினார். இருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம்.

நான் ஏன் தனியாக இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. பாயிடம் நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்பதும் தெரியாது. சாப்பிடும் வேகத்தைப் பற்றித்தான் கேலி செய்தார். அவர் பக்கம் குழியாகிக்கொண்டே போயிற்று. என் பக்கம் மேடாக இருந்தது. முடிந்துவிட்டால் போகலாமே என்றேன். முடியாதாம். கோர்வையில் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் எழக்கூடாது. எழுந்தால் சலீம் பாய் அடுத்த முறை சட்டியோரத்தில் காய்ந்த சோறுதான் போடுவார். “நீங்க நிதானமா தின்னுங்க. எனக்கு வண்டியில வேற இன்னா, தங்கமா இருக்குது?” என்றார். பிறகு இரண்டே நிமிடத்தில் விரல்களால் மேசையில் தாளம் போட ஆரம்பித்தார்.

அப்போது எனக்கு ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது. நேற்று இரவிலிருந்து எனக்குள் அது இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை.

“நேத்து வண்டில ரெண்டு பொம்பளைங்க அண்டாவைப் பத்திப் பேசிட்டு வந்தாங்களே. அது எப்படி முடிஞ்சது?”

நாகராஜு தாளத்தை நிறுத்தினார். “நீங்க தூங்கலியா அப்போ?”

“தூங்கலைன்னு சொன்னேனே.”

அவர் தட்டை நோக்கிக் குனிந்தார். பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார். “எறங்கி முன்னால வந்து எங்கிட்ட காசு குடுக்க நிக்கிறாங்க சார். வெச்சிக்க வெச்சிக்கன்னு ஒருத்தி சொல்லிக்கினே வந்தா பாருங்க, அவ கடைசில கேக்குறா, ‘அது சரி, பேரு இன்னான்னு போட்டுருக்குது?’ன்னு. ‘தனலட்சுமி’ன்னு சொல்றா இவ. அவ மூஞ்சி மாறிப்போச்சு. ‘அடிப்பாவி, அது எங்க மாமியா அண்டாடி’ன்றா.”

நான் சிரித்தேன். மூக்கால் விடுகிற சிரிப்பன்று. வாயில் சோறு இருந்தது, புரையேறியது, கண்ணில் நீர் வந்தது. சலீம் பாய் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். பக்கத்து மேசைக்காரர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். என்ன விஷயம் என்று அடுத்த மேசை கேட்க, அண்டா அங்கே போயிற்று. அங்கிருந்து அடுத்ததற்குப் போயிற்று. நான் இருமி முடிப்பதற்குள் கடையின் கடைசி மேசை சிரித்தது.

வசந்தாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று மனம் எழுந்தது. சொல்ல முடியாது என்று உடனே தெரிந்தது. இரண்டும் ஒரே கணத்தில் நடந்தன. இம்முறை நான் கை கழுவ எழவில்லை. தட்டில் இன்னும் சோறு இருந்தது. எதிரே ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். சாப்பிட்டேன். ஆறிப்போயிருந்தாலும் அந்தக் கத்தரிக்காயில் புளிப்பும் எள்ளும் தனித்தனியே தெரிந்தன. பதினான்கு மாதங்களில் நாக்கு எனக்குத் தந்த முதல் தகவல் அது.

தட்டுக் காலியானதும் நானே கேட்டேன். “பாய், முந்தி என்ன?”

“பிரெட் அல்வா. ரெண்டா?”

“ரெண்டு.”

*

வெளியே வந்தபோது மணி ஒன்பதே முக்கால். வண்டியில் விடுகிறேன் என்றார் நாகராஜு. நடக்கிறேன் என்றேன். வழி தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் கையை விரித்துவிட்டு, தவறினால் ஐயம்பேட்டையில் பார்க்கலாம் என்று கிளம்பினார்.

பட்டுக்கடைகள் சாத்தியிருந்தன. அவற்றின் படிகளில் உட்கார்ந்து ஆட்கள் பேசினார்கள். ஒரு பால் கடையில் பித்தளைச் சட்டியிலிருந்து ஏடு படிந்த பால் வாங்கிக் குடித்தேன். ஒரு திருமண மண்டப வாசலில் சமையல்காரர்கள் பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நின்றேன். குனிந்து ஓர் அண்டாவின் கழுத்தில் வெட்டியிருந்த பேரைப் படித்தேன். தனலட்சுமி இல்லை. எதைத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நேர் வழியில் அரை மணி நேரத்தில் வரக்கூடிய விடுதிக்கு ஒன்றே கால் மணி நேரம் சுற்றி வந்து சேர்ந்தேன்.

காலையில் மதுரா தொலைபேசியில் வந்தாள். முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று, ‘வருவாங்க’ சொன்னதைச் சொன்னேன். பிறகு மற்றதையெல்லாம் சொன்னேன். அண்டாவை நாகராஜு சொன்ன அளவுக்கு என்னால் சொல்ல முடியவில்லை, ஆனாலும் அவள் சிரித்தாள்.

“சரி, கேள்விக்குப் பதில் சொல்லுங்கப்பா.”

“நன்றாக இருந்தது.”

“எது?”

“நான் சாப்பிட்டது.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்த அறையைப் பேத்தி வந்து தங்க வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பிள்ளையார்பாளையத்தில் புடவை அறுத்து மடிக்கப்பட்டிருந்தது. கோர்வை நன்றாக இருந்ததா என்று ஏகாம்பரம் கேட்டார். நான் தனியாகப் போனேன் என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். கற்பகம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புடவையைப் பிரித்து மறுகரையின் ஓரத்தில் என் விரலை வைத்துக் காட்டினாள். நீளம் முழுக்கத் தடவினேன். ஓர் இடத்திலும் தளர்வில்லை. முழுவதும் அவள் கை.

*

ஊர் திரும்பிய வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு எங்கள் உணவங்காடி நிலையத்துக்குப் போனேன். கூட்டம் நிரம்பி வழிந்தது. இருவர் அமரும் மேசை ஒன்று கிடைத்தது. எதிர் இருக்கையில் டிஷ்யூப் பொட்டலத்தை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனேன். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அதைப் பார்த்தேன். கை தானாக வைத்திருந்தது.

வீடுவீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஊழியர் ஒருவர், பச்சை மேலங்கியில், தனக்கு வாங்கிய ஆவி பறக்கும் சூப்புக் கிண்ணத்தை இரு கைகளிலும் ஏந்தியபடி, உட்கார இடம் தேடி மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் எதிரே நின்றார். பொட்டலத்தைப் பார்த்து ஒதுங்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்: இங்கே ஆள் இருக்கிறார்களா, அங்கிள்?

“இல்லை. உட்காருங்கள்” என்றேன்.

பொட்டலத்தை எடுத்துக் கிழித்தேன். ஒரு தாளை அவரிடம் நீட்டினேன், ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். அவர் சூப்பில் கரண்டியை இறக்கும்வரை காத்திருந்துவிட்டு, நானும் ஆரம்பித்தேன்.